நின்ற காரின் தண்ணீர்க் குழாய்: ஒழுகலை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் இருக்கும் பழைய கார்களை ஓட்டம் கெடுப்பதைவிட ஓய்வுதான் அதிகம் கெடுக்கிறது. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, மாருதி 800-ம் அம்பாசிடரும் பத்து மாதம் கொட்டகையில் நின்று, மாசி பங்குனித் திருவிழாவுக்கோ வீட்டுக் கல்யாணத்துக்கோ வெளியே எடுக்கப்படும் அன்றுதான், "அண்ணே, வண்டி தண்ணி குடிக்குதுண்ணே" என்று எனக்குத் தொலைபேசி வரும். போய்ப் பார்த்தால் பல வீடுகளில் ஒரே கோளாறுதான். ரேடியேட்டரின் கீழ் ஹோஸிலிருந்து வாட்டர் பம்புக்குத் தண்ணீரைக் கொண்டுபோகும் இரும்புக் குழாய், ரப்பர் ஹோஸ் மாட்டியிருக்கும் முனையில், வெளியே பெயின்ட் கலையாமல் உள்ளே அரித்துப்போயிருக்கும்.

ஆனாலும் குழாயை வாங்கிக்கொண்டு வண்டியிடம் போகக் கூடாது. ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் ஒரு கிளிப்பை இரண்டு சுற்றுத் திருகினால் நிற்க வேண்டிய ஒழுகலுக்குக் குழாய், பம்ப், ரேடியேட்டர் மூன்றையும் மாற்றிவிட்டு, கடைசியில் அதே கிளிப்பில் மறுபடியும் சொட்டு விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். கீழே அறிகுறிவாரியாக, செலவில்லாத காரணத்திலிருந்து செலவு மிகுந்த காரணம் வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன். உங்கள் வண்டி காட்டும் அறிகுறியின் கீழ் இருப்பதை மட்டும் படித்தால் போதும்.

கை வைப்பதற்கு முன்

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. மூடி இறுக்கமாக இருக்கும்வரை உள்ளே 110 டிகிரியிலும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் தண்ணீர், மூடியைத் திறந்து அழுத்தம் போன அந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்து, சுடாமலும் விறைப்பில்லாமலும் இருந்தால் மட்டுமே மூடியில் கை வைக்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரமாவது ஆகும். மின்விசிறி உள்ள வண்டியில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள், ஏனெனில் எஞ்சின் நின்ற பிறகும் சில வண்டிகளில் விசிறி தானாகச் சுற்றும்.

அறிகுறி 1: தரையில் சொட்டு இல்லை, ஆனால் தண்ணீர் குறைகிறது

முதலில் குறைவது உண்மைதானா என்று பார்க்க வேண்டும். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டரின் கழுத்துவரை நிரப்பி, பக்கத்து பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் பேனாவால் கோடு போட்டு, மூன்று நாள் ஓட்டிவிட்டு மறுபடியும் ஆறிய நிலையிலேயே பாருங்கள். சூட்டில் ஒரு மட்டம், ஆறியபின் ஒரு மட்டம் என்று பார்த்துவிட்டுக் குறைவதாகப் பயப்படுபவர்களே அதிகம்.

டப்பாவில் அளவு அப்படியே இருக்க ரேடியேட்டர் மட்டும் குறைந்தால், மூடியின் அடி ரப்பரையும் டப்பாவுக்குப் போகும் சிறு டியூபையும் பாருங்கள். மூடியின் ரப்பர் கல்லைப்போல் இறுகியிருந்தாலோ டியூபில் விரிசல் இருந்தாலோ, எஞ்சின் ஆறும்போது டப்பாவிலிருந்து தண்ணீரை இழுப்பதற்குப் பதிலாகக் காற்றை இழுக்கும். மூடியை மாற்றும்போது அதன் தலையில் 0.9 என்றோ 13 என்றோ பொறித்திருக்கும் அழுத்த எண்ணைப் பார்த்து அதே எண்ணுள்ள மூடியை வாங்க வேண்டும். எண் கூடினால் நல்லது என்று நினைத்து அதிக அழுத்த மூடியைப் போட்டால், பழைய குழாயின் மெலிந்த இடம் அன்றே பிய்த்துக்கொள்ளும்.

மூடி சரியாக இருந்தால், காய்ந்துபோன தடத்தைத் தேடுங்கள். சூடான எஞ்சினின் மேல் விழும் மெல்லிய கசிவு தரைக்கு வராமலே ஆவியாகி, விழுந்த இடத்தில் வெள்ளை உப்போ பச்சைப் பொடியோ செங்காவித் தடமோ விட்டுச் செல்லும். டார்ச் அடித்து ஹோஸ் முனைகள், இரும்புக் குழாயின் வளைவு, அதைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டின் அடிப்பக்கம், வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சிறு துளை ஆகியவற்றைப் பாருங்கள். துளையில் ஈரம் இருந்தால் பம்பின் சீல் போய்விட்டது. குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எட்டிப் பார்க்க முடியாத இடத்தில் செல்போனை நீட்டி வீடியோ எடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

உள்ளே முன்சீட்டுக் கால் வைக்கும் இடத்தில் விரிப்பு ஈரமாக, இனிப்பு கலந்த வாடை அடித்து, கண்ணாடியில் எண்ணெய்ப் படலம்போல் பனி படிந்தால் ஹீட்டரின் உள் ரேடியேட்டர் ஒழுகுகிறது. நம் ஊர் வெயிலில் ஹீட்டர் யாருக்கு வேண்டும் என்று அதன் இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுவது இங்கே வழக்கம், அதில் தவறில்லை.

இவை எதுவுமில்லை என்றால் செலவு கூடுகிறது. எண்ணெய் மூடியின் அடியில் காபி நுரைபோல் வெளுத்த பசை இருக்கிறதா, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் வெண்புகை தொடர்கிறதா, ஆறிய எஞ்சினை மூடி திறந்தபடி கிளப்பினால் ரேடியேட்டரில் குமிழிகள் நிற்காமல் வருகின்றனவா என்று பாருங்கள். குமிழி நிற்காமல் வந்தால், எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அடியில் உள்ள பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த இடத்தில் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எண்ணெய் மூடியில் மட்டும் லேசான பசை இருந்தால் பதற வேண்டாம், தினமும் இரண்டு நிமிடம் மட்டும் கிளப்பி நிறுத்தும் வண்டியில் ஈரம் உள்ளேயே தங்கி அப்படிப் படிவது உண்டு. எண்ணெய் அளவுகோலிலும் வெளுத்திருந்தால்தான் கவலை.

அறிகுறி 2: நிற்கும் வண்டியின் கீழ் காலையில் ஈரம்

ஏசி உள்ள வண்டியென்றால் முதலில் அது ஏசித் தண்ணீரா என்று பாருங்கள். ஏசித் தண்ணீரில் நிறமோ வழவழப்போ இருக்காது, காய்ந்தால் தடமும் இருக்காது. ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலன்ட் திரவம் இரு விரலுக்கு நடுவே வழுக்கும். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை அறவே விட வேண்டும், அது நஞ்சு.

இரவில் எஞ்சின் முழுவதற்கும் அடியில் வெள்ளை அட்டையையோ செய்தித்தாளையோ விரித்து வையுங்கள். காலையில் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே தேடுவதோடு நிறுத்தாமல், அங்கிருந்து எஞ்சினின் மேல்நோக்கி ஈரத் தடத்தைப் பின்தொடர வேண்டும். தண்ணீர் குழாயின் அடிவழியாக ஒரு முழம் ஊர்ந்து சென்று, பிராக்கெட் போல்ட்டின் நுனியில் வந்து சொட்டும். போல்ட்டைத் திருகித் திருகி ஏமாந்தவர்கள் உண்டு.

காலையில் மட்டும் சொட்டி, எஞ்சின் சூடானதும் நின்றுபோகும் ஒழுகல் என்றால் பெரும்பாலும் கிளிப்தான் காரணம். குளிரில் ரப்பரும் இரும்பும் சுருங்கி இடைவெளி விடுகின்றன, சூட்டில் மறுபடியும் இறுகிக்கொள்கின்றன. ஆறிய நிலையில் கிளிப்பை நிதானமாக இறுக்குங்கள். கிளிப் ரப்பருக்குள் புதைந்து, துளைகளின் வழியே ரப்பர் பிதுங்கினால் அதிகமாகி விட்டது. அப்படி இறுக்கியும் நிற்கவில்லை என்றால் ஹோஸைக் கழற்றி அடியில் இருக்கும் குழாய் முனையைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது உள்ளே நொறுநொறுவென்று சத்தம் வந்தாலும், ஊறிய இட்லிபோல் பொதபொதவென்று இருந்தாலும், முனையில் நரம்பு வெடிப்புகள் தெரிந்தாலும் மாற்ற வேண்டியது ஹோஸ். நீண்ட நாள் நின்ற வண்டியில் எலிப் பல் தடத்தையும் தேடுங்கள். கொட்டகையில் நெல் மூட்டையோ பழைய சாக்கோ கிடந்தால் எலி இருக்கிறது என்று பொருள், எலிக்கு ஹீட்டர் ஹோஸின் ரப்பர் பிடித்திருக்கிறது.

ஹோஸும் கிளிப்பும் நன்றாக இருந்து, குழாய் முனையில் செதில் செதிலாகத் துரு எழும்பியிருந்தால் இரண்டு நிலை உண்டு. எமரி பேப்பரால் தேய்த்ததும் கெட்டி இரும்பு தெரிந்து, நகத்தால் தட்டினால் கணீரென்று கேட்டால், வழவழப்பாகத் தேய்த்துவிட்டுப் புது ஹோஸ் போடலாம். ஸ்குரூடிரைவர் நுனியால் லேசாகக் குத்தும்போதே பள்ளம் விழுந்தால் குழாய் முடிந்துவிட்டது. கீழே உள்ள மாற்றும் பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி 3: ஓடும்போது மட்டும் தெறிக்கிறது அல்லது ஆவி வருகிறது

நிற்கும்போது காய்ந்திருந்து ஓட்டத்தில் மட்டும் தெறிப்பது ஊசித்துளையின் குணம். அழுத்தம் ஏறிய பிறகுதான் துளை வாய் திறக்கிறது. எஞ்சின் ஓடும்போது தலையை உள்ளே விட்டுத் தேடாதீர்கள். பெல்ட்டும் விசிறியும் இருக்கின்றன, ஆவியும் முகத்தில் அடிக்கும்.

பாதுகாப்பான வழி, ஆறிய எஞ்சினில் மூடிக்குப் பதிலாக அழுத்தம் காட்டும் முள் உள்ள காற்றுக் கைப்பம்பை மாட்டி, மூடியில் பொறித்திருக்கும் அழுத்தம்வரை மட்டும் ஏற்றிப் பத்து நிமிடம் முள்ளைக் கவனிப்பது. பட்டறைகளில் இதைப் பிரஷர் டெஸ்ட் என்பார்கள். வேலை சிறிது, இரைச்சலும் இல்லை, நடுவில் சாவகாசமாக டார்ச் அடித்துப் பார்க்கலாம். முள் இறங்கி வெளியே எங்கும் ஈரமே இல்லாவிட்டால் தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறது, அறிகுறி 1-இன் கடைசிப் பத்தியைப் பாருங்கள்.

இங்கே மஞ்சள்தூளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டரில் இரண்டு ஸ்பூன் மஞ்சள்தூள் போட்டால் ஊசித்துளை அடைபடும் என்பது லாரி ஓட்டுநர்களின் பழைய கைவைத்தியம். நடுவழியில் ஊர் போய்ச் சேர உதவும், மறுக்கவில்லை. ஆனால் வீடு வந்ததும் அதை முழுவதும் கழுவி எடுக்காவிட்டால், ஒழுகும் குழாயை அடைத்த அதே மஞ்சள், ஒழுகாத ரேடியேட்டர் நாளங்களையும் அடைக்கும். கடையில் விற்கும் ஒழுகலடைக்கும் பவுடருக்கும் இதே பேச்சுதான். துரு அரித்த இரும்புக் குழாயில் இவை தங்குவதில்லை, துளையின் ஓரமே உதிர்ந்துகொண்டிருப்பதால்.

அறிகுறி 4: நடுச்சாலையில் குழாய் உடைந்து தண்ணீர் மொத்தமும் கொட்டிவிட்டது

திருமயம் தாண்டி வெயிலில் இது நடந்தால், வண்டியை உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். அடுத்த ஊர்வரை போய்விடலாம் என்ற ஆசைதான் ஹெட்டை வளைக்கிறது. ஹீட் காட்டும் முள் கீழே இறங்கியிருப்பதை நம்பாதீர்கள். முள்ளுக்குச் செய்தி சொல்லும் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருக்கும்வரைதான் உண்மை சொல்லும். தண்ணீர் வடிந்ததும் காற்றில் தொங்கிக்கொண்டு எஞ்சின் ஆறிவிட்டதுபோல் காட்டும். மாருதி 800-இன் ஹெட் அலுமினியம், ஒருமுறை கடுமையாகச் சூடேறினாலே வளைந்துவிடும். பழைய பெட்ரோல் அம்பாசிடரின் ஹெட் வார்ப்பிரும்பு, சற்றுத் தாங்கும். ஆனால் அதன் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் வெடிக்கும். இரண்டிலுமே ஆறுவதற்கு முன் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஆறிய பிறகு உடைந்த இடத்தைப் பாருங்கள். ரப்பர் ஹோஸின் முனை மட்டும் கிழிந்திருந்தால் கிழிந்த விரற்கடையைக் கத்தியால் வெட்டி எறிந்து, மிச்ச நீளம் எட்டினால் மறுபடியும் மாட்டலாம். இரும்புக் குழாயில் சிறு துளை என்றால் ஈரத்தைத் துடைத்து, சைக்கிள் டியூபை நீளவாக்கில் கீறிய பட்டையை இழுத்து இழுத்து ஐந்தாறு சுற்றுச் சுற்றி, மேலே இரண்டு ஹோஸ் கிளிப் போட்டு இறுக்குங்கள். எம்-சீல் என்ற அடைப்புப் பசை ஈரத்திலும் துருவிலும் பிடிக்காது. அதற்குக் காய்ந்த சுத்தமான இரும்பும் காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். பிறகு தண்ணீர் நிரப்பி, மூடியை முதல் நிலைவரை மட்டும் திருகி வைத்தால் உள்ளே அழுத்தம் ஏறாது, கட்டு தாங்கும். அந்நிலையில் தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதால் மெதுவாக ஓட்டி, ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும். குழாய் முனையே உதிர்ந்து கையோடு வந்துவிட்டதென்றால் எந்தக் கட்டும் நிற்காது, கயிறு கட்டி இழுக்கவோ வண்டியில் ஏற்றவோ ஆள் கூப்பிடுங்கள்.

ஒரு வீட்டில் வண்டியைப் பார்த்துக்கொண்டவர், உடைந்த இரும்புக் குழாயின் இடத்தில் போர் மோட்டாருக்கு வாங்கி மிஞ்சிய பிவிசி குழாயை அளவாக அறுத்து மாட்டியிருந்தார். வேலை பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. குன்றக்குடி போவதற்குள் அது வெந்த முருங்கைக்காய்போல் நடுவில் தொய்ந்து, கிளிப் இருந்த இடம் நெளிந்து தண்ணீரைக் கக்கிவிட்டது. வீட்டுக் குழாய்க்கான பிளாஸ்டிக் எஞ்சின் சூட்டில் இளகும், தற்காலிகமாகக்கூட வேண்டாம்.

அறிகுறி 5: ஒழுகல் இல்லை, தண்ணீர் செங்காவி நிறம், ஹீட் ஏறுகிறது

உங்கள் குழாய் இன்னும் உடையவில்லை, உடையப் போகிறது. ரேடியேட்டருக்குள் விரலை விடும்போது சேறு ஒட்டினால், போர்த் தண்ணீரை மட்டுமே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் சமையல் பாத்திரத்தின் அடியில் என்ன படிய வைக்கிறதோ அதையே எஞ்சினுக்குள்ளும் படிய வைக்கும்.

ஹீட் ஏறுவதற்கு விசிறியின் ஃபியூஸ், தளர்ந்த பெல்ட், எஞ்சின் சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்கு விட வேண்டியிருந்தும் திறக்காத தெர்மோஸ்டாட் வால்வு என்ற வரிசையில் பாருங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டால், திறக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். பெரும்பாலானவை 80-லிருந்து 90 டிகிரிக்குள் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காததைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுமனே ஓட்டும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை, அடைத்த ரேடியேட்டர் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். பிறகு முழுவதும் வடித்துவிட்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவுங்கள். அம்பாசிடரில் ரேடியேட்டரின் அடியில் ஒன்று, எஞ்சின் பிளாக்கில் ஒன்று என இரண்டு வடிகுழாய்கள் உண்டு. பிளாக்கில் இருப்பதைத் திறந்தும் ஒன்றும் வராவிட்டால் சேறு அடைத்திருக்கிறது, கம்பியால் குத்திவிடுங்கள். அழுக்கு நீங்கியதும் அதுவரை துருவே அடைத்துக்கொண்டிருந்த துளைகள் திறந்து, கழுவிய மறுநாள் ஒழுகத் தொடங்கலாம். கழுவியதால் கெட்டது என்று பழி வரும். முன்பே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவது என் வழக்கம்.

குழாயை மாற்றுதல்

குழாய்தான் குற்றவாளி என்று உறுதியான பிறகே இந்தப் பகுதி. பொறுமையுள்ளவருக்கு ஒரு முழு நாள் வேலை, அதில் பாதி நேரம் இரண்டு துருப்பிடித்த போல்ட்டுகளுக்குப் போய்விடும்.

முதல் நாள் மாலையே குழாயின் பிராக்கெட் போல்ட்டுகளிலும், பம்போடு சேரும் இடத்து போல்ட்டுகளிலும் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் வடிக்கும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து எத்தனை லிட்டர் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண் பிறகு தேவைப்படும். எந்த ஹோஸ் எங்கே போகிறது, எந்தக் கிளிப் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நான்கைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாருதி ஆம்னி வேனில் முன்சீட்டைத் தூக்கினால்தான் எஞ்சினே தெரியும், சில போல்ட்டுகளுக்கு வண்டிக்கு அடியிலும் போக வேண்டும். அடியில் படுப்பதென்றால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைத்துச் சக்கரத்துக்கு அணை கொடுங்கள்.

ஒட்டிக்கொண்ட ஹோஸை முறுக்கி இழுக்காதீர்கள். ரேடியேட்டரின் கழுத்து பிளாஸ்டிக்காக இருந்தால் அது ஹோஸோடு வந்துவிடும். எப்படியும் புது ஹோஸ்தான் போடப் போகிறீர்கள், பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள்.

போல்ட்டில் அவசரம் கூடாது. ரிங் ஸ்பேனரையோ ஆறு பட்டை சாக்கெட்டையோ முழுவதும் உட்காரவைத்து, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அசைத்துப் பிறகு தளர்த்துங்கள். அசைந்ததும் ஒரேயடியாகச் சுற்றாமல், கால் சுற்றுத் திருப்பி, மறுபடியும் உள்ளே விட்டு, ஸ்பிரே அடித்து, முன்னும் பின்னுமாகக் கொண்டுவர வேண்டும். ரப்பர்போல் இழுபட்டு, கையில் கிறீச்சென்ற உணர்வு வந்தால் போல்ட் முறியப் போகிறது என்று பொருள், அங்கேயே நிறுத்துங்கள். பத்தாம் நம்பர் ஸ்பேனர் போடும் சிறு போல்ட் அலுமினிய உடலுக்குள் முறிந்தால், அதை எடுக்க டிரில், வெல்டிங் என்று ஆகும் செலவு குழாயின் விலையைத் தாண்டிவிடும். அந்தக் கிறீச்சைக் கேட்டதும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. அவர் கேஸ் சூடு காட்டி எடுத்துவிடுவார். பக்கத்தில் பெட்ரோல் குழாய் ஓடுவதால் அந்தச் சூடு வேலையை வீட்டில் நாமாகச் செய்யக் கூடாது.

குழாய் வெளியே வந்ததும் பம்புக்குள் செருகியிருந்த முனையின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தைப் பாருங்கள், வட்டமாக இருக்க வேண்டியது தட்டையாகப் பட்டைபோல் ஆகியிருக்கும். அது உட்காரும் பள்ளத்தில் ஒட்டிய துருவையும் பழைய பசையையும் மரக்குச்சியால் சுரண்டி, துணியால் துடைத்து, விரல் நுனியால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு விரலுக்குத் தெரியும். அந்த ஒரு மணல் அளவுச் சொரசொரப்பில்தான் புதுக் குழாய் போட்ட மறுநாள் ஒழுகும்.

புதுக் குழாயைப் பழையதன் பக்கத்தில் தரையில் வைத்து வளைவு, நீளம், பிராக்கெட் துளை, சிறு கிளைக்குழாயின் கோணம் எல்லாம் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஒரே பெயருள்ள வண்டியிலும் வருடத்துக்கு வருடம் குழாய் மாறும், ஆகையால் மதுரைக்கோ திருச்சிக்கோ சாமான் வாங்கப் போகும்போது பழைய குழாயைக் கையோடு கொண்டுபோவதே நல்லது. கிடைக்கவில்லை என்றால் லேத் பட்டறையில் அதே அளவு இரும்பு அல்லது ஸ்டெயின்லெஸ் குழாயில் செய்து தருவார்கள். இரு முனையிலும் ஹோஸ் நழுவாமல் இருக்க விளிம்பு எழுப்பித் தரச் சொல்லுங்கள். வழவழப்பான முனையில் எத்தனை கிளிப் போட்டாலும் சூட்டில் ஹோஸ் கழன்றுவிடும். பழைய குழாயின் துளையை மட்டும் வெல்டிங் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வைக்கலாம், அடுத்த துளை வெல்டிங்குக்கு இரண்டு அங்குலம் தள்ளி வரும்.

மாட்டும்போது ஓ-ரிங்கில் கூலன்டையோ சோப்புத் தண்ணீரையோ தடவுங்கள். கிரீஸும் எஞ்சின் எண்ணெயும் அந்த ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். எல்லா போல்ட்டுகளையும் கையால் பாதிவரை திருகிவிட்டு, குழாய் நேராக உட்கார்ந்ததை உறுதிசெய்த பிறகே ஸ்பேனர் போடுங்கள். பிராக்கெட்டை முதலில் இறுக்கினால் குழாய் ஓ-ரிங்கைக் கோணலாக நசுக்கும். கிளிப்பை முனையின் எழும்பிய விளிம்புக்கு உட்பக்கம் போட வேண்டும், விளிம்பின் மேல் அல்ல.

நிரப்புவதற்குக் கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. கலந்தே விற்கும் கூலன்டை வாங்கினால் மறுபடியும் தண்ணீர் சேர்க்காதீர்கள். பச்சை, சிவப்பு என்ற நிறத்தை வைத்து வகையை முடிவுசெய்ய முடியாது, டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பழையது என்னவென்று தெரியாவிட்டால் முழுவதும் கழுவிவிட்டுப் புதிது ஊற்றுங்கள். டிஸ்டில்டு வாட்டர் கிடைக்காத அவசரத்தில், வளவு என்னும் வீட்டு உள்முற்றத்தின் ஓட்டிலிருந்து கிடாரம் என்னும் பெரிய பாத்திரத்தில் பிடித்து வடிகட்டிய மழைத் தண்ணீர், போர்த் தண்ணீரைவிட எவ்வளவோ மேல். அந்தக் காலத்து ஆச்சிமார் அதைச் சமையலுக்குச் சேர்த்துவைத்தார்கள், எஞ்சினுக்கும் அது ஒத்துக்கொள்கிறது.

அறிகுறி 6: குழாய் மாற்றிய பிறகும் ஹீட் ஏறுகிறது

பெரும்பாலும் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. வடித்தபோது குறித்த எண்ணை இப்போது எடுங்கள். மூன்றரை லிட்டர் வடித்த இடத்தில் இரண்டரை லிட்டரே உள்ளே போயிருந்தால், மீதி ஒரு லிட்டர் இடத்தில் காற்று உட்கார்ந்திருக்கிறது. வண்டியின் முன்பக்கம் சற்று மேடாக நிற்கும்படி நிறுத்தி, ஹீட்டர் நெம்புகோலை முழுச் சூட்டுக்குத் தள்ளி, எஞ்சின் ஆறிய நிலையிலேயே மூடியைத் திறந்து கிளப்பி, மேல் ஹோஸை விட்டு விட்டு அமுக்குங்கள். குமிழி வந்து மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே வந்து, குமிழி நின்று மேல் ஹோஸ் சூடேறத் தொடங்கியதும் மூடியைப் போட்டுவிடுங்கள். மின்விசிறி ஒருமுறை சுற்றி நிற்கும்வரை ஓடவிட்டு, ஆறிய பிறகு மறுபடியும் நிரப்புங்கள். இரண்டு முறை செய்தால் பெரும்பாலும் தீரும்.

முள் ஏறியிருக்கும்போதே ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் காற்று இன்னும் போகவில்லை. ஹீட்டரும் சூடாக இருந்து, கீழ் ஹோஸ் மட்டும் கடைசிவரை குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட்டையும் ரேடியேட்டர் அடைப்பையும் பாருங்கள். ஆறிய எஞ்சினைக் கிளப்பிய ஒரு நிமிடத்துக்குள்ளேயே மேல் ஹோஸ் கல்லாக விறைத்தால் எஞ்சினில் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது, முன்பு சூடேறியபோதே ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. அப்போது மெக்கானிக்கிடம் கொடுங்கள். கேஸ்கெட்டை மட்டும் மாற்றாமல், ஹெட்டைச் சமதளத் தட்டில் வைத்து வளைவு பார்க்கச் சொல்லி வற்புறுத்துங்கள்.

பம்பைக் கழற்ற டைமிங் பெல்ட்டைத் தொட வேண்டிய எஞ்சினிலும், போல்ட் முறிந்த இடத்திலும், எண்ணெயில் தண்ணீர் கலந்த வண்டியிலும் நாமாக இறங்கக் கூடாது. மற்றவை பொறுமைக்குக் கட்டுப்பட்டவை.

வடித்த பழைய கூலன்டைக் கொல்லையில் ஊற்றாதீர்கள். அதன் இனிப்பு வாடைக்கு நாயும் மாடும் வாய் வைக்கும், வைத்தால் பிழைப்பது கடினம். மழை பெய்தால் ஊருணிக்கும் போகும். மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய எஞ்சின் எண்ணெய் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கேட்டுப் பாருங்கள்.

குழாய் மாற்றி நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, ஆறிய காலையில் கிளிப்புகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். புது ரப்பர் சற்று அமர்ந்திருக்கும், அரைச் சுற்று இறுகும். ஊருக்குத் திரும்பும் முன் வண்டியைப் பார்த்துக்கொள்பவரிடம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளப்பி, இரண்டு நிமிடத்தில் அணைத்துவிடாமல், மின்விசிறி சுற்றும்வரை ஓடவிடச் சொல்லுங்கள். விசிறி பெல்ட்டில் சுற்றும் அம்பாசிடராக இருந்தால் மேல் ஹோஸ் கைக்குச் சுடும்வரை. கலந்து வைத்த கூலன்ட் ஒரு லிட்டரை டப்பாவில் பெயர் எழுதிக் கொட்டகையிலேயே வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் கைக்கு எட்டுவது போர்க் குழாய்தான்.